பெரட்டுக்களத்துக்கு வந்துவிட்ட பேச்சுவார்த்தை

(தோட்டத் தலைவர்கள், தலைவிகள், மாவட்டப் பிரதிநிதிகளுக்காக வெள்ளவத்தையில் நடைபெற்ற ஒருநாள் செயலமர்வில், சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை. செயலமர்வுக்கு வரமுடியாத அங்கத்தவர்களும் அறியும்பொருட்டு இங்கே தரப்படுகிறது.)



நேற்று இரவு ஹட்டனிலும் பதுளையிலும் பஸ் ஏறி, விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கி, முகம் கழுவிய கையோடு இங்கு வந்திருக்கிறீர்கள். நாளைக் காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்களும் உங்களில் இருக்கிறார்கள். ஆகவே சுற்றிவளைக்காமல் விடயத்துக்கு வருகிறோம்.

உங்களுடைய வேலை மாறிவிட்டது. அதை உங்களிடம் யாரும் முறையாகச் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. இன்றைக்கு நாம் பேசவேண்டியது அதைப் பற்றித்தான்.

தோட்டத் தலைவர் என்றால் என்ன வேலை என்று பத்து வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் பதில் இலகு. ஆட்களைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும். மே தினத்துக்கு ஆட்களை அழைத்து வரவேண்டும். தோட்டத்தில் பிரச்சினை என்றால் மாவட்டக் காரியாலயத்துக்குச் சொல்ல வேண்டும். சம்பளம் பற்றிய பெரிய பேச்சு கொழும்பில் நடக்கும். அது முடிந்ததும் இவ்வளவு கிடைத்தது என்று தோட்டத்தில் அறிவிக்க வேண்டும். தலைவர் என்பவர் ஒரு தபால்காரர் மாதிரி. மேலே இருந்து வருவதைக் கீழே கொடுப்பார், கீழே இருப்பதை மேலே அனுப்புவார்.

அந்தக் காலம் எப்படி உருவானது என்பதைச் சற்றுப் பார்ப்போம். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தின் மூலம் தீர்மானிக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் முதலாளிமார் சம்மேளனம், மறுபக்கத்தில் கைச்சாத்திடும் தொழிற்சங்கங்கள். 2016 ஒக்டோபரில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. வரவுக் கொடுப்பனவு, உற்பத்தி ஊக்குவிப்பு எல்லாம் சேர்த்து 730 ரூபா. 2019 ஜனவரியில் அடிப்படை 700 ரூபா, மொத்தம் 750 ரூபா. அடிப்படை 200 ரூபாவால் கூடியது என்று கொழும்பில் சொல்லப்பட்டது. கைக்கு வருவது 20 ரூபாதான் கூடியது என்று லயத்தில் கணக்குப் பார்த்தார்கள். இரண்டு கணக்கும் சரிதான். ஆனால் அந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் நின்று ஏச்சு வாங்கியவர் யார்? தோட்டத் தலைவர். ஒப்பந்தத்தின் வரைவை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை.

2021இல் நிலைமை தலைகீழானது. சம்பள நிர்ணய சபை ஊடாக நாட்சம்பளம் 1000 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. வழக்குகள் நடந்தன. 2024 செப்டெம்பரில் அதே சபை ஊடாக ஆகக் குறைந்த நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. சம்பளத் தொகையைப் பார்த்தால் முன்னேற்றம்தான். அதை நாங்கள் குறைத்துச் சொல்ல வரவில்லை.

ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். சம்பள நிர்ணய சபை 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குவது. தொழிலாளர் தரப்பு, முதலாளிமார் தரப்பு, அரசாங்கம் நியமிக்கும் உறுப்பினர்கள் ஆகியோர் அதில் இருப்பார்கள். அது ஆகக் குறைந்த சம்பளத்தைத் தீர்மானிக்கும். உங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்று அது தீர்மானிப்பதில்லை. நோம் குறைந்தால் அரைப்பேரா, கிலோ கணக்கா என்று அது சொல்வதில்லை. மழை நாளில் என்ன செய்வது, மலை காடாகிக் கிடந்தால் யார் பொறுப்பு, மடுவத்தில் தண்ணீருக்கென்று எத்தனை கிலோ வெட்டுவது என்பதையெல்லாம் அது பார்க்காது. முன்பு இவற்றைப் பற்றிக் கேள்வி வந்தால் மேலே காட்டுவதற்கு ஓர் ஒப்பந்தமும், பிணக்குத் தீர்க்கும் ஒரு முறையும் இருந்தன. இப்போது நோம் 18 கிலோவா 22 கிலோவா என்ற பேச்சு எங்கே நடக்கிறது? உங்கள் பெரட்டுக்களத்தில் நடக்கிறது. துரை ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம்.

கொழும்பில் மேசைக்கு முன்னால் நடந்த பேச்சுவார்த்தையில் பாதி உங்கள் தலையில் வந்து விழுந்துவிட்டது. அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்குச் சட்டத்தரணி இருந்தார், கணக்காளர் இருந்தார், தேநீரும் வந்தது. உங்களுக்குக் காலை ஆறரை மணிக் குளிரும், பின்னால் நிற்கும் இருநூறு பேரும்தான்.

இத்தோடு வெளியார் உற்பத்தி முறை வேறு வந்திருக்கிறது. தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்குகிறார்கள். நல்ல மலை யாருக்கு, காடான மலை யாருக்கு என்ற சண்டை தலைவரின் வாசலுக்குத்தான் வருகிறது. அந்த முறைக்குப் போனால் சேமலாப நிதி என்னாகும், சேவைக்காலப் பணம் என்னாகும் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். இது சம்பள உயர்வை விடப் பெரிய கேள்வி. ஒருவர் தொழிலாளியா இல்லையா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

நடுவில் நிற்பவரின் கஷ்டம் நமக்குப் புதிதல்ல. நமது வரலாற்றில் முதலில் நடுவில் நின்றவர் கங்காணி. ஆட்களை ஊரிலிருந்து அழைத்து வந்தவர் அவர். கடன் கொடுத்தவர் அவர். துரையிடம் நமக்காகப் பேசியவரும் அவர்தான். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு என்று அவருக்குத் தனியாகக் காசு கிடைத்தது. கடனைத் தீர்க்காமல் தோட்டம் மாறமுடியாதபடி கட்டிவைத்த துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. கங்காணிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. அவர்களிலும் தன் ஆட்களுக்காகத் துரையிடம் எதிர்த்து நின்றவர்கள் இருந்தார்கள். ஆனால் அவருடைய வருமானமும் அதிகாரமும் மேலிருந்து வந்தன. மேலிருந்து அதிகாரம் பெற்றவர், கஷ்டமான நாள் வரும்போது மேலே பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தபோது, கங்காணியைத் தாண்டித் தொழிலாளியே பேசலாம் என்ற எண்ணம் வேர்பிடித்தது. 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானார். அந்த இரத்தத்தின் மேல்தான் இன்று நீங்கள் வகிக்கும் தலைவர் பதவி நிற்கிறது.

ஆகவே ஒரு கசப்பான கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். இலகுவான வேலை, மகனுக்குத் தொழிற்சாலையில் இடம், வீட்டுக்குக் கூரைத்தகடு என்று நிர்வாகத்திடம் தனியாக ஏதாவது வாங்கிக்கொண்ட தலைவர், நோம் கூடும் நாளில் எப்படி வாய் திறப்பார்? அவர் சங்கத்தின் பெயரில் புதிய கங்காணியாகிவிடுகிறார். இதை உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. தலைமைக் காரியாலயத்தில் இருக்கும் எங்களுக்கும் இதே அளவுகோல்தான்.

இன்னொரு பாடம் இந்த வெள்ளவத்தையிலேயே இருக்கிறது. இங்கிருந்து சற்று உள்ளே போனால் ஹெவ்லொக் சிட்டி என்ற உயர்ந்த தொடர்மாடிகள் தெரியும். அந்த நிலத்தில்தான் ஒருகாலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. மலையாளிகள், சிங்களவர், தமிழர் என்று பல இனத் தொழிலாளர்கள் அங்கே வேலை செய்தார்கள்.

அன்று கொழும்புத் தொழிலாளரின் பெரும் தலைவர் ஏ. ஈ. குணசிங்கா. 1923 பொது வேலைநிறுத்தம், 1927 துறைமுக வேலைநிறுத்தம், 1929 டிராம் வேலைநிறுத்தம் எல்லாம் அவர் தலைமையில் நடந்தவை. 1929இல் முதலாளிமார் சம்மேளனத்தோடு அவர் ஓர் ஒப்பந்தம் செய்தார். தொழிற்சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. அது பெரிய வெற்றி. அதோடு, திடீர் வேலைநிறுத்தம் செய்வதில்லை என்ற இணக்கமும் சேர்ந்து வந்தது. பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1933இல் வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது குணசிங்கா அதற்கு எதிராக நின்றார். தொழிலாளர்கள் அவரை விட்டுவிட்டு, கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளைஞர்களோடு சேர்ந்து புதிய சங்கம் அமைத்தார்கள். அதற்குப் பிறகு குணசிங்கா மலையாளித் தொழிலாளருக்கு எதிராகப் பேசும் நிலைக்கு இறங்கினார். 1935இல் அந்த இளைஞர்கள் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தார்கள்.

பத்து வருடத்துக்குள் இது நடந்தது. குணசிங்காவுக்குத் துணிச்சல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் காப்பாற்றுவதா, தன்னை நம்பி வந்த ஆட்களின் வயிற்றைப் பார்ப்பதா என்ற இடத்தில் அவர் சறுக்கினார். ஆலைக்குள்ளே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அவருடைய காதுக்கு வந்திருக்க வேண்டும். வந்தும் அவர் கேட்காமல் விட்டாரா, அல்லது நடுவில் இருந்தவர்கள் சொல்லப் பயந்தார்களா? எங்களைப் பொறுத்தவரை, எந்தச் சங்கமும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

ஏனென்றால் நமக்கும் இது நடந்தது. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி காலிமுகத்திடலில் திரண்ட இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் ரூபா வேண்டும் என்று நின்றார்கள். அவர்கள் யார்? வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளிலும், கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைகளிலும், புறக்கோட்டைக் களஞ்சியங்களிலும் வேலை செய்யும் நமது பிள்ளைகள். தாய் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். பிள்ளை காலி வீதியில் கடைக்கு முன்னால் நின்று வாடிக்கையாளரைக் கூப்பிடுகிறான். எந்தச் சங்கமும் அவர்களை பஸ் பிடித்து அழைத்து வரவில்லை. கைத்தொலைபேசியில் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பி வந்தார்கள். நமது காரியாலயங்களில் சிலர் என்ன சொன்னார்கள்? “இவர்களுக்கு இதில் என்ன வேலை, இவர்கள் சந்தா கட்டுகிறார்களா?” என்றார்கள். அந்தப் பேச்சுக்கு இன்று வெட்கப்படுகிறோம். அவர்கள் கேட்டது தாயின் சம்பளத்தை.

இப்போது எங்கள் குற்றத்தைச் சொல்கிறோம். ஒரு தோட்டத்துத் தலைவி எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். நோமை இரண்டு கிலோவால் கூட்டப்போவதாக நிர்வாகம் சொல்கிறது, நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதம் எங்கள் மேசையில் பதினொரு வாரம் கிடந்தது. நாங்கள் பதில் எழுதியபோது நோம் கூடிவிட்டது. ஆட்களில் பாதிப் பேர் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். அவர் எங்களைத் திட்டவில்லை. “நீங்கள் பதில் போடவில்லை என்று நான் ஆட்களிடம் சொல்லவில்லை ஐயா, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டேன்” என்றார். சங்கத்தின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். இப்படி எத்தனை பேர் எங்களுக்காகப் பழி சுமந்திருக்கிறீர்கள் என்று எங்களுக்குக் கணக்கில்லை.

சந்தா விடயமும் அப்படித்தான். முன்பு சம்பளத்தில் வெட்டி நிர்வாகமே சங்கத்துக்கு அனுப்பிவிடும். கூட்டு ஒப்பந்தம் போன பிறகு பல இடங்களில் தலைவரே வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியதாயிற்று. கேட்கும்போது, “சங்கம் எனக்கு என்ன செய்தது?” என்ற கேள்வி முகத்துக்கு நேரே வருகிறது. கஷ்டம்தான். ஆனால் அந்தக் கேள்வி இத்தனை வருடம் கேட்கப்படாமல் இருந்ததுதான் நமது வியாதி. சம்பளச் சிட்டையில் சந்தா தானாக வெட்டப்பட்ட காலத்தில் நாம் அங்கத்தவரின் முகத்தைப் பார்க்க மறந்துவிட்டோம்.

சட்டத்திலும் இதற்கு ஒரு காரணம் உண்டு. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒரு தொழில் இடத்தில் 40 வீதத்துக்குக் குறையாத தொழிலாளர்களை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுப்பது முதலாளியின் நியாயமற்ற தொழில் நடவடிக்கை. 40 வீதம் என்பது தோட்டத்தில் எண்ணப்படும் கணக்கு. கொழும்பில் நாங்கள் எத்தனை அறிக்கை விட்டாலும் அந்த எண்ணிக்கையை எங்களால் கூட்ட முடியாது. உங்களால்தான் முடியும்.

இனி, செய்ய வேண்டியவை. முதலில் நாங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். அடுத்த வருடச் செயலமர்வில் எங்களை நிறுத்திக் கேளுங்கள்.

ஒன்று. தோட்டத்திலிருந்து வரும் கடிதத்துக்கும் தொலைபேசிச் செய்திக்கும் 14 நாளுக்குள் பதில் தருவோம். பதில் தெரியாவிட்டால், தெரியாது, தேடுகிறோம் என்றாவது எழுதுவோம்.

இரண்டு. சம்பளம், நோம், வெளியார் உற்பத்தி முறை பற்றி நாங்கள் எதிலும் கையெழுத்திடுவதற்கு முன் அதன் வரைவு தமிழில் உங்கள் கைக்கு வரும். நீங்கள் தோட்டத்தில் வாசித்துக் காட்டி, ஆட்கள் சொல்வதை எழுதி அனுப்ப வேண்டும்.

மூன்று. தொழில் திணைக்களத்திலிருந்து சிங்களத்தில் வரும் கடிதங்களை மொழிபெயர்த்துத் தர மாவட்டக் காரியாலயம் ஒவ்வொன்றிலும் ஒருவர் இருப்பார். புரியாத தாளில் எந்தத் தலைவரும் கைநாட்டோ கையெழுத்தோ போடக்கூடாது.

நான்கு. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு முறை, போயா விடுமுறையன்று, கொட்டாஞ்சேனையில் ஓர் ஆலோசனைக் கூட்டம் நடத்துவோம். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது. வேலை நேரம், வார விடுமுறை, சேமலாப நிதி எல்லாம் அவர்களுக்கும் உரிமை. எத்தனை கடைகளில் அது நடக்கிறது என்பதை அவர்களே சொல்லட்டும்.

அடுத்து, நீங்கள் செய்ய வேண்டியவை.

துரையோடு பேசப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். குறைந்தது இருவர் போங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். என்ன பேசினீர்கள் என்பதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அன்றைக்கே மடுவத்தில் ஆட்களிடம் சொல்லுங்கள். நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் உங்கள் வாயிலிருந்து முதலில் வரவேண்டும். கைத்தொலைபேசியில் வேறு யாரோ சொல்லி அவர்கள் அறிந்தால், நீங்கள் மறைத்ததாகத்தான் நினைப்பார்கள்.

தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். “கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்வதில் மரியாதை குறையாது. சொன்னபடி திரும்பி வந்து சொல்லாவிட்டால்தான் குறையும்.

எங்களுக்குக் கெட்ட செய்தியை அனுப்பத் தயங்காதீர்கள். தலைமைக்குப் பிடிக்காது என்று நினைத்து, எல்லாம் நலம் என்று எழுதும் தலைவரால் சங்கத்துக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை. 1933இல் வெள்ளவத்தையில் நடந்தது மறந்துபோகக்கூடாது.

கங்காணி, கணக்கப்பிள்ளை, வெளிக்கள உத்தியோகத்தர்களைப் பகையாளிகளாக மட்டும் பார்க்காதீர்கள். இவ்வளவு கிலோ வராவிட்டால் உன் வேலை போய்விடும் என்று அவர்களுக்கும் மேலிருந்து அழுத்தம் வருகிறது. அவர்களுக்கும் சங்கம் உண்டு. நிறுவையில் களவு நடந்தால் விடக்கூடாது. ஆனால் நோம் எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்பதை அவர்களிடமிருந்தும் நாம் அறிய வேண்டும்.

கடைசியாகப் பெண்களைப் பற்றி. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984இல் போராடித்தான் கிடைத்தது. ஆனால் இந்த மண்டபத்தைத் திரும்பிப் பாருங்கள். முன்வரிசையில் எத்தனை பேர் பெண்கள்? நோம் பற்றிய பேச்சு பெரட்டுக்களத்துக்கு வந்துவிட்டது என்றால், மலையைத் தெரிந்தவர்தான் அதைப் பேச வேண்டும். எந்த மலையில் எத்தனை கிலோ வரும், எத்தனை நாளைக்கு ஒருமுறை சுற்று வரவேண்டும் என்று விரல் நுனியில் வைத்திருப்பவள் கூடை சுமப்பவள். மாதர் தலைவி என்ற பெயரைக் கொடுத்துக் கூட்டத்துக்குக் குத்துவிளக்கு ஏற்ற மட்டும் அவளை அழைப்பதை இன்றோடு நிறுத்துவோம். அடுத்த தோட்டக் கமிட்டித் தெரிவில் தலைவர் பதவிக்கே பெண்களை முன்மொழியுங்கள்.

பின்னேரம் இரண்டு மணிக்குக் குழுக்களாகப் பிரிந்து ஒரு பயிற்சி செய்யப்போகிறோம். ஒருவர் துரையாக இருப்பார், இருவர் தலைவர்களாக இருப்பார்கள், மற்றவர்கள் பெரட்டுக்கு நிற்பார்கள். நோம் இரண்டு கிலோ கூடுகிறது என்று துரை சொல்வார். மேலே சொன்ன தலைவியின் கடிதம்தான் அந்தப் பயிற்சியின் கேள்வி. பதினொரு வாரம் தாமதித்துவிட்டோம். இன்றாவது எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு பதில் எழுதுவோம். அவரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்.